பொறுமைசாலிகளுக்கான படிப்பு

பன்னிரண்டாம் வகுப்பு முடிவு வந்த வாரத்தில் என்னைப் பார்த்தவர்கள் எல்லோரும் கேட்டது ஒன்றுதான்: "அடுத்து என்ன படிக்கப் போற?" தெரியாது என்பேன். நிஜமாகவே தெரியாது. மதிப்பெண் நன்றாக வந்திருந்தது. எந்தப் பாடத்தையும் வெறுக்கவில்லை, எதன்மேலும் பெரிய ஆசையும் இல்லை. ஒரு காலத்தில் பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட பகுதி எங்களுடையது; என் வகுப்பில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள குடும்பத்துப் பெண்கள் இரண்டு பேருக்கு இந்தக் கவலையே கிடையாது. பாரிஸில் அவர்களுக்கு அண்ணன்களும் அத்தைகளும் இருந்தார்கள். எங்களுக்குச் சுரக்குடியில் கொஞ்சம் வயலும் அப்பாவின் குமாஸ்தா வேலையும்தான்.

காரைக்காலில் எனக்கு வேதியியல் டியூஷன் எடுத்த சாரிடம் அப்பா என்னை அழைத்துப் போனார். சார் சொல்வதற்கு எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது.

"தெரியலன்னு சொல்றது தப்பே இல்லம்மா. ரெண்டு வருஷமா பாக்குறேன், உன்கிட்ட ஒரு பொறுமை இருக்கு. அது எல்லார்கிட்டயும் இருக்காது. பயோமெடிக்கல் இன்ஜினியரிங் உன்ன மாதிரி ஆளுக்குன்னே உள்ள கோர்ஸ்" என்றார்.

வீட்டுக்குத் திரும்பும் பஸ்ஸில் அதையே மனசுக்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். என்னைக்கூட ஒருவர் கவனித்திருக்கிறார் என்று பூரித்துப் போயிருந்தேன். இன்று நினைத்தால் எனக்குக் குமட்டுவது அந்தப் பூரிப்புதான்.

மூன்று மணி நேரத் தொலைவில் இருந்த ஒரு தனியார் கல்லூரியைச் சாரே சொன்னார், வேனும் அவரே ஏற்பாடு செய்தார். "ஒரிஜினல் சர்ட்டிஃபிகேட் எல்லாம் எடுத்துக்கிட்டுப் போங்க, சீட் போயிடும்" என்று அப்பாவிடம் இரண்டு முறை போனில் சொன்னார். வேன் நிறைய என்னைப் போன்ற பிள்ளைகளும் பெற்றோரும்.

வரவேற்பறையில் ரோஸ்மில்க் கொடுத்தார்கள். என் டம்ளரின் விளிம்பில் முன்பு யாரோ குடித்தபோது ஒட்டிய உதட்டுச்சாயம் அப்படியே இருந்தது. யாருக்கும் தெரியாமல் நாற்காலிக்குக் கீழே வைத்துவிட்டேன். பக்கத்தில் எங்கள் வேனில் வந்த நெடுங்காட்டுப் பெண் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். எந்தக் கோர்ஸ் என்று கேட்டேன்.

"ஃபுட் டெக்னாலஜி. எனக்கு ஒண்ணும் புரியலன்னுதான் சார்கிட்ட போனேன். உன்கிட்ட ஒரு பொறுமை இருக்கு, இது உன்ன மாதிரி ஆளுக்குன்னே உள்ள கோர்ஸ்னாரு."

அவள் வெட்கத்தோடு சிரித்தாள். பஸ்ஸில் என் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும். யாரோ மென்று துப்பியதை நானும் வாயில் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அப்போது என்னைக் கூப்பிட்டார்கள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் என் சான்றிதழ்களை வாங்கி ஓர் உறைக்குள் போட்டார். முன்னால் விரித்து வைத்திருந்த நோட்டில் எங்கள் பெயர்கள் வரிசையாக இருந்தன. 'யார் மூலம்' என்ற கட்டத்தில், ஒவ்வொரு பெயருக்கு நேராகவும் சாரின் பெயர்.

"இது எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"தலைக்கு இவ்வளவுன்னு அவருக்குச் சேர வேண்டியத அனுப்பணும்ல" என்றார், மணி கேட்டவளுக்குப் பதில் சொல்வது போல.

"என் சர்ட்டிஃபிகேட்டக் குடுங்க. நான் சேரல."

"உள்ள வச்சாச்சும்மா. உங்க சார்கிட்ட ஒரு லெட்டர் வாங்கிட்டு வா."

கையை நீட்டி உறையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். அவர் மறுமுனையை விடவில்லை. அப்பா பதறிக்கொண்டு வந்தார். "என்னம்மா இது? சார் மூஞ்சில நாளைக்கு எப்படி முழிக்கிறது?"

நோட்டை விரலால் காட்டினேன். அப்பா குனிந்து மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தார். ஒரு குமாஸ்தாவுக்கு அந்தக் கட்டத்தின் அர்த்தத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. "எடுத்துக் குடுங்க சார்" என்றார். அப்பாவிடமிருந்து அப்படியொரு குரலை நான் கேட்டதில்லை. அந்த ஆள் உறையை விட்டார்.

கிளம்பும்போது நெடுங்காட்டுப் பெண்ணிடம் விஷயத்தைச் சொன்னேன். "அதனால என்ன? அவரு நல்லதுக்குத்தானே சொல்லியிருப்பாரு" என்றாள். அவளும் அவள் அம்மாவும் அங்கேயே இருந்துவிட்டார்கள். நாங்கள் பஸ் மாறி மாறி ஊர் வந்து சேர்ந்தோம். மறுநாள் சார் போன் செய்தார்: "உங்க பொண்ணுக்குப் பொறுமையே இல்லங்க." ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்த எனக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. அருவருப்பு மட்டும்தான்.

அடுத்த வாரம் காரைக்காலிலேயே ஓர் அரசுக் கல்லூரிக்குத் தனியாகப் போனேன். பொருளாதாரத் துறை வாசலில் நின்றிருந்த இரண்டாம் ஆண்டு அக்காவிடம், படிப்பு எப்படி இருக்கும் என்று கேட்டேன்.

"ரெண்டு பேப்பர் நல்லா இருக்கும். மத்ததெல்லாம் செம போர். வேலை கெடைக்குமான்னு எனக்கே தெரியாது, என்னக் கேக்காத" என்றாள்.

அதுவரை யாரும் என்னிடம் இவ்வளவு நேராகப் பேசியதில்லை. அங்கேயே சேர்ந்தேன். இப்போது மூன்றாம் ஆண்டு. அவள் சொன்ன இரண்டு பேப்பரும் உண்மையிலேயே நன்றாக இருந்தன. அடுத்து என்ன என்று இன்னமும் எனக்குத் தெரியாது. கேட்பவர்களிடம் அப்படியே சொல்லிவிடுகிறேன்.