ராகு காலத்தில் கிடைத்த தெய்வக்கோல்

ஆரணியில் தெருவுக்கொரு பிரவுசிங் சென்டர் முளைத்திருந்த காலம். பகலெல்லாம் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்திருந்த நான், வேலை முடிந்ததும் அங்கே போய் ஓர் ஆன்லைன் விளையாட்டில் மந்திரவாதியாக இருந்தேன். ஞாயிறு மதியம் தங்கச்சியும் வருவாள். என் கணக்கிலேயே தனக்கென்று ஒரு வில்வீராங்கனையை உருவாக்கி, இரண்டு வருடமாகப் பொத்திப் பொத்தி வளர்த்திருந்தாள். நெய்கிற புடவை முதலாளிக்கு, தறி அப்பாவுக்கு. "இவ ஒருத்திதாண்ணா எனக்கு" என்பாள். ஐப்பசியில் அவளுக்கு வந்தவாசியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

அவளைக் கேட்காமல் ஒரு நாள் அந்த வீராங்கனையைக் குகைக்குள் கூட்டிப்போய்ச் சாகடித்துவிட்டேன். அந்த விளையாட்டில் செத்தவர்களை ஏழாம் நாள் மாலை ஆறு மணிக்குள் எழுப்ப வேண்டும், தவறினால் பெயரே அழிந்துவிடும். எழுப்ப ஒரே பொருள்தான் உண்டு, தெய்வக்கோல். தங்கச்சி திட்டவில்லை. "எழுப்பிடுண்ணா" என்றாள், அவ்வளவுதான். நாலு அறை விட்டிருந்தால் தேவலை.

ஆறாம் நாள் செவ்வாய்க்கிழமை. தறியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். மூன்றரை மணிக்குக் கோல் கிடைத்தே விட்டது! ஒரு க்ளிக் போதும். அப்போதுதான் சுவர்க் காலண்டர் கண்ணில் பட்டது. ராகு காலம். எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் புதுப் பாவு நூலைக்கூடத் தறியில் ஏற்ற மாட்டோம். உயிர் கொடுக்கிற காரியமாயிற்றே, நாலரை ஆகட்டும் என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன், மடையன்.

நாலு மணிக்குக் கடைக்காரர் மெயின் சுவிட்சை அணைத்தார்.

"நாளைக்கு ஆயுத பூஜைப்பா. எல்லாத்தையும் தொடைக்கணும், எழுந்துக்கோ."

"ண்ணா, ஒரே நிமிஷம்ணா!"

"பேஜார் பண்ணாத, நாளான்னிக்கி வா."

மறுநாள் காலை போய்க் கெஞ்சினேன். கம்ப்யூட்டர்களுக்குச் சந்தனம் குங்குமம் வைத்து, பூச்சரம் போட்டிருந்தார்.

"சாமிகிட்ட வெச்சத எப்பிடிப்பா தொட்றது? உன் தறிய இன்னிக்கி ஓட்டுவியா நீ?"

பஸ் பிடித்துக் கண்ணமங்கலம் போனேன், அங்கேயும் பூட்டு. அங்கிருந்து வேலூர். தெருத் தெருவாக அலைந்து, திறந்திருந்த ஒரு கடையில் உட்கார்ந்து பாஸ்வேர்டை அடித்தபோது மணி ஆறரை. மந்திரவாதியின் பையில் கோல் பளபளவென்று இருந்தது. தங்கச்சியின் வீராங்கனை இருந்த இடம் காலி. திரும்பி வரும் பஸ்ஸில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

வாசலிலேயே நின்றிருந்தாள்.

"எழுந்துட்டாளா?"

"எழுந்துட்டா."

"லெவலெல்லாம்?"

"அப்டியே இருக்குது."

சிரித்தாள். அதற்குப் பிறகு கல்யாண வேலையில் சென்டர் பக்கம் வர அவளுக்கு நேரமில்லை. நானும் அதைத்தான் வேண்டிக்கொண்டிருந்தேன்.

கல்யாணமாகி மூன்றாம் மாதம் வந்தவாசியிலிருந்து போன் வந்தது.

"ண்ணா, வூட்ல கம்ப்யூட்டர் வாங்கிட்டாங்க. என் வில்லுக்காரியக் காட்றேன்னு இவரப் பக்கத்துலயே ஒக்கார வெச்சிகினு இருக்கேன். ஜல்தியா பாஸ்வேர்டு சொல்லு."

எழுத்தெழுத்தாகச் சொன்னேன். அவள் ஒவ்வொன்றாக அடிக்கிற சத்தம் போனில் கேட்டது.