பதின்மூன்று கிலோ இரும்புச் சுருள்

இரண்டு வருடத்துக்கு முன்பு, காற்று மண்ணை வாரி முகத்தில் அடிக்கும் ஆனி மாதத்தில் நடந்தது இது. சின்னமனூரை ஒட்டி, இரும்பு கடையும் ஒரு சிறிய லேத் பட்டறையில் நான் வேலைக்குச் சேர்ந்து ஐந்து மாதம் ஆகியிருந்தது. மெக்கானிக்கல் படித்தவள் என்று முதலாளி என்னை எடுத்ததே ஒரு காரியத்துக்காகத்தான். எந்திரம் என்ன வேகத்தில் சுற்ற வேண்டும், டூல் எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும், ஒரு பொருள் முடிய எத்தனை நிமிடம் ஆகும், எவ்வளவு இரும்பு சுருளாகக் கழியும் என்று கணக்குப் போட்டுத் தாளில் எழுதித் தர வேண்டும். ஒரு நகல் என் மேசையில் இருக்கும். இன்னொன்று பிளாஸ்டிக் உறைக்குள் எந்திரத்தில் தொங்கும்.

அப்போது மலைமேல் ஏலக்காய் உலர்த்தும் எந்திரங்களுக்கு விசிறி ஷாஃப்ட் செய்யும் வேலை வந்தது. அறுபது மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்பு ராடை ஐம்பதாகக் கடைய வேண்டும். நீளம் முந்நூறு. நிமிடத்துக்கு ஐந்நூறு சுற்று, ஒரு சுற்றுக்கு டூல் 0.2 மில்லி நகரும். ஆக டூல் ராடின் நீளம் முழுக்க ஒருமுறை கடைந்து போக, அதாவது ஒரு கட் ஓட, மூன்று நிமிடம். ஆழமாக மூன்று கட், கடைசியில் லேசாக ஒன்று. மாட்டிக் கழற்றும் நேரத்தையும் சேர்த்து ஒரு ஷாஃப்டுக்குப் பதினைந்து நிமிடம். சுருள் இரண்டு கிலோவுக்குச் சற்று மேலே விழும். ஒரு நாளைக்கு முப்பது ஷாஃப்ட், அறுபத்தொரு கிலோ சுருள்.

முதல் நாள் மாலை சுருள் டிரம்மை எடை போட்டால் நாற்பத்தெட்டுதான் இருந்தது.

கீழே சிந்தியிருக்கும் என்று விட்டேன். மறுநாளும் நாற்பத்தெட்டு. அதற்கடுத்த நாளும் அதே. தினமும் பதின்மூன்று கிலோ எங்கோ போகிறது என்று நான் முடிவுகட்டிவிட்டேன்.

அந்த லேத்தை ஓட்டியவர் அனுமந்தன்பட்டிக்காரர். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவார். எனக்கு எதையும் பட்டியல் போட்டுப் பார்க்கும் பழக்கம். நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவரைப் பற்றி எழுத ஆரம்பித்தேன். ஒன்று, ஷாஃப்டைப் பன்னிரண்டு நிமிடத்தில் முடிக்கிறார். இரண்டு, முப்பதையும் முடித்துவிட்டு மாலையில் ஒன்றரை மணி நேரம் ஆளைக் காணோம். மூன்று, வாரத்தில் மூன்று நாள் அவருடைய மொபெட்டில் ஒரு சாக்கு கட்டியிருக்கிறது. பத்துப் பதினைந்து கிலோ தேறும். நான்கு, டிரம்மைத் தராசில் ஏற்றி வைக்கும் துப்புரவு அக்காவும் அவரும் ஒன்றாக டீ குடிக்கிறார்கள்.

முடிந்து வந்த ஷாஃப்டுகளை எடுத்துப் பார்த்தேன். அளவு சரி, பளபளப்பு பிரமாதம். அதுவும் எனக்கு நல்லதாகப் படவில்லை. வேகமாக ஓட்டிவிட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மறைக்கிறார் என்று ஐந்தாவதாக எழுதிக்கொண்டேன். அவரைக் கவனித்ததெல்லாம் என் அறையின் சன்னல் வழியாகத்தான். எந்திரத்துக்குப் பக்கத்தில் போனால் உஷாராகிவிடுவார் என்று அந்த ஒரு வாரமும் அந்தப் பக்கமே நான் போகவில்லை.

சனிக்கிழமை முதலாளியிடம் நோட்டைக் காட்டினேன். அவர் முகம் சுருங்கியது.

"ஒம்போது வருசமா இருக்கான் தாயி. நல்ல பய. சும்மா வாய்ப்பேச்சுக்கு நான் ஒண்ணும் செய்ய முடியாது. கையோட புடிச்சுக் குடு, அன்னைக்கே கணக்கை முடிச்சு அனுப்பிருவோம்."

திங்கட்கிழமை மாலை கேட்டில் நின்றேன். அவர் மொபெட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின்னால் சாக்கு.

"என்ன தங்கச்சி, பஸ்ஸ விட்டுட்டீகளா?"

"அந்தச் சாக்கை அவிழ்த்துக் காட்டுங்கண்ணே."

"எதுக்கு?"

"சும்மாதான்."

யாரும் சும்மா சாக்கை அவிழ்க்கச் சொல்வதில்லை என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரியும். வீட்டுக்குக் கிளம்பிய ஏழெட்டுப் பேர் நின்றுவிட்டார்கள். அவர் வண்டியை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினார். கயிற்றைப் பிரித்துச் சாக்கின் வாயைத் திறந்தார். கடலைப் பிண்ணாக்கு வாசனை வந்தது. பட்டறைக்குப் பின் சந்தில் ஒரு எண்ணெய்ச் செக்கு இருக்கிறது. மாலையில் வேலை முடிந்ததும் அவர் போய் உட்கார்ந்திருந்தது அங்கேதான்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். மேலே பிண்ணாக்கு, அடியில் சுருள் என்று தோன்றியது. முழங்கை வரை கையை உள்ளே விட்டுத் துழாவினேன்.

"நல்லா அடி வரைக்கும் பாருங்க மேடம்" என்றார் அவர். "வீட்டுல ரெண்டு மாடு கெடக்கு. வேணும்னா அதுக வயித்தையும் வந்து பாத்துக்கங்க."

யாரோ சிரித்தார்கள். பிண்ணாக்குத் தூள் ஒட்டிய கையோடு நின்றேன். அவர் சாக்கைக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அப்போதும் என் சந்தேகம் போகவில்லை என்பதைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. தேனிக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து ஆறாவதை எழுதினேன்: யாரோ அவருக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். அந்த அக்காவாகத்தான் இருக்கும்.

மறுநாள் காலை மற்றவர்கள் வருவதற்கு முன்பே போனேன். கடையாத ராடு ஒன்றை எடை போட்டு, கடைந்த பிறகும் எடை போட்டு, இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அவர் முன்னால் வைப்பது என்று திட்டம். என் கணக்குப்படி ராடு ஆறு கிலோ அறுநூற்று அறுபது கிராம் இருக்க வேண்டும். தராசு ஆறு கிலோ இருநூற்று இருபது என்றது.

உடனே தராசைச் சந்தேகப்பட்டேன். பெருக்கிக்கொண்டிருந்த அக்காவிடம், இதை யாராவது கழற்றினார்களா என்று கேட்டேன்.

"போன மாசந்தான முத்திரை போட்டுட்டுப் போனாக" என்று சொல்லி, மூலையில் இருந்த ஐந்து கிலோ படிக்கல்லை எடுத்து வந்து தராசில் வைத்தார். சரியாக ஐந்து. "நேத்துச் சாக்கு, இன்னைக்குத் தராசா" என்று முனகிக்கொண்டே பெருக்கப் போய்விட்டார்.

இன்னொரு ராடு வைத்தேன். அதே எடை. அப்புறம்தான், சந்தேகப்பட வேறு யாரும் மிச்சமில்லாததால், வெர்னியரை எடுத்து ராடின் விட்டத்தை அளந்தேன்.

ஐம்பத்தெட்டு.

பத்து ராடு அளந்தேன். பத்தும் ஐம்பத்தெட்டு. ஆர்டர் தாளில் அறுபது என்று இருந்ததைப் பார்த்துத்தான் நான் கணக்குப் போட்டிருந்தேன். வந்து இறங்கிய ராடை ஒருமுறைகூட அளக்கவில்லை. லேத்துக்குப் போய் அங்கே தொங்கிய என் தாளைப் பார்த்தேன். அறுபது கோடு போட்டு அடிக்கப்பட்டு, பக்கத்தில் நீல மையில் 58. ஆழமான கட் மூன்று என்பது இரண்டாகியிருந்தது. ஒரு கட் குறைந்ததால் மூன்று நிமிடம் குறைந்திருக்கிறது. கீழே அவர் கையெழுத்து, வேலை தொடங்கிய முதல் நாளின் தேதி. அங்கேயே நின்று செல்போனில் கணக்குப் போட்டேன். ஷாஃப்டுக்கு ஒரு கிலோ அறுநூறு. முப்பதுக்கு நாற்பத்தெட்டு.

முதலாளிக்குப் போன் செய்தேன். "ஆமா, அறுபது ஸ்டாக்கு இல்லைன்னாக, அம்பத்தெட்டு தாரோம்னாக. ஷாஃப்டு அம்பதுதான, போதும் அனுப்புங்கன்னுட்டேன். ஒங்கிட்டச் சொல்லலையா நானு?" என்றார்.

சாக்கு எல்லோர் முன்னாலும் திறக்கப்பட்டது. மன்னிப்பும் எல்லோர் முன்னாலும்தான் கேட்க வேண்டும். வேலை தொடங்கும் நேரத்தில் அவர் எந்திரத்தின் பக்கத்தில் நின்று, ராடை அளக்காமல் கணக்குப் போட்டது நான்தான், தப்பு என்னுடையது என்று சொன்னேன்.

அவர் எந்திரத்தின் பிடியான சக்கில் ராடை மாட்டிக்கொண்டே சொன்னார். "ராடு அம்பத்தெட்டு. ஒங்க தாள்ல உள்ளபடி மொதக் கட் போட்டா, பாதிக்கு மேல காத்தைத்தான் வெட்டணும். அதான் மாத்துனேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேண்ணே."

"எழுதித்தான் வச்சேன். நீங்க மெசின் பக்கம் வந்தாத்தான." சாவியை இறுக்கினார். "என்னை வீட்டுக்கு அனுப்புறதுக்கு முதலாளிகிட்ட ஓடத் தெரிஞ்சுச்சுல்ல. இங்கன வர்றதுக்குப் பத்தடிதான்."

எந்திரம் ஓட ஆரம்பித்தது.

அன்று மதியமே முதலாளி அவரைக் கூப்பிட்டுப் பேசினார். வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. இன்றும் அதே லேத்தில்தான் இருக்கிறார். ராடு வந்து இறங்கியதும் நானே வெர்னியரோடு போய் அளக்கிறேன். அளவை அவரிடமும் கேட்டுக்கொண்டு அதற்குப் பிறகே தாள் எழுதுகிறேன். வேலை விஷயமாக நன்றாகத்தான் பேசுவார். ஆனால் தங்கச்சி திரும்ப வரவில்லை, மேடம்தான். பிண்ணாக்கு வாங்கும் நாள்களில், நான் கேட்டருகே நின்றால், வண்டியை நிறுத்திச் சாக்கின் வாயை அவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் போவார். வேண்டாம்ணே என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "இருக்கட்டும் மேடம், பாத்துக்கங்க" என்பார், கோபமே இல்லாமல்.

பட்டியல் போடும் பழக்கத்தை நான் விடவில்லை. ஏதாவது கணக்கு உதைத்தால் இப்போதும் நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்புகிறேன். ஆனால் ஒன்று என்று போட்டதும் அதற்கு நேராக என் பெயரை எழுதிவிட்டுத்தான் அடுத்தவரைப் பற்றி யோசிக்கிறேன்.