அந்த உலகத்துப் பாக்கியலெட்சுமி

பாக்கியலெட்சுமிக்குப் பொறாமை புதிதல்ல. பதின்மூன்று வருடமாக அதை வதனி டீச்சர் மேல் வைத்திருந்தாள். இருவரும் இலங்கை மலைநாட்டில் அப்புத்தளைக்குக் கீழே ஒரே தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, ஒரே வருடம் சாதாரண தரப் பரீட்சை பாஸானவர்கள். தொண்ணூற்றொன்றில் தோட்டப் பிள்ளைகளுக்கு ஆசிரியர் நியமனம் என்றதும் இருவருமே விண்ணப்பம் போட்டார்கள். வதனிக்குக் கடிதம் வந்தது, பதுளைக்கு நேர்முகப் பரீட்சைக்குப் போனாள், டீச்சரானாள். பாக்கியலெட்சுமியின் கடிதம் பரீட்சை முடிந்து இரண்டாம் நாள் கைக்குக் கிடைத்தது.

தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளுக்குத் தனி விலாசம் கிடையாது. யாருக்கு வந்தாலும் கடிதம் தோட்ட ஆபீசுக்குத்தான் வரும். காலையில் பெரட்டுக் களத்தில் வேலை பிரித்துக் கொடுக்கும்போது கணக்கப்பிள்ளை பேர் சொல்லிக் கூப்பிடுவார். ஆள் இல்லாவிட்டால் அக்கம்பக்கத்தில் இருப்பவர் யாராவது வாங்கிப் போவார்கள். அவளுடையதை வாங்கிவந்தவன் அதே லயத்தில் இருந்த, தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டும் தம்பையா. "ஆபீசுலயே போட்டு வச்சிட்டானுங்க, பாக்கியம்" என்றான். ஆபீஸ் கிளாக்கரை அவள் திட்டாத திட்டில்லை. ஆறுதல் சொல்ல வந்த தம்பையாவையே அடுத்த வருடம் கட்டிக்கொண்டாள். கொழுந்துக் கூடையையும் மாட்டிக்கொண்டாள்.

இரண்டாயிரத்து நான்கில் ஒருநாள், ஆறாம் வகுப்புப் படிக்கும் மகள் கேசினி ஒரு பத்திரிகையோடு வந்தாள். பறக்கும் வீரன் ஒருவன் வேறோர் உலகத்துக்குப் போய், அச்சு அசல் தன்னைப் போலவே இருக்கும் இன்னொருவனைப் பார்க்கும் படக்கதை. அதன் கீழே, இப்படிப் பல உலகங்கள் இருக்கலாம் என்று சில விஞ்ஞானிகள் நினைக்கிறார்கள், யாரும் இன்னும் நிரூபிக்கவில்லை என்று ஒரு குறிப்பு.

"இப்படியும் நடக்கலாம், அப்படியும் நடக்கலாம்னா ரெண்டுமே நடக்குமாம்மா. ஒன்னு இங்க, இன்னொன்னு வேற ஒலகத்துல."

"அப்ப கடுதாசி நேரத்துக்கு வந்த ஒலகமும் இருக்குமா?"

"இருக்கலாம்மா."

அந்த 'இருக்கலாம்' அவளுக்குத் தாராளமாகப் போதும். நிரூபிப்பதை விஞ்ஞானிகள் பார்த்துக்கொள்ளட்டும். வதனி மேல் இருந்த பொறாமையை அன்றே இறக்கி வைத்துவிட்டாள். தானே இன்னொருத்தியாக அங்கே நன்றாக வாழும்போது அடுத்தவளைப் பார்த்து எதற்கு வயிறெரிய வேண்டும்? மலையில் காலைக் கடிக்கும் அட்டையைப் பிய்த்து எறியும்போது, அங்கே இருப்பவள் காலில் இந்நேரம் சப்பாத்து இருக்கும் என்று நினைத்தாள். மழையில் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு கொழுந்து பறிக்கும்போது, அவள் கையில் பூப்போட்ட குடை இருக்கும் என்று நினைத்தாள். நினைத்ததோடு விட்டாளா? வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் புருஷனிடமும் சொன்னாள்.

தம்பையா முதலில் சிரித்தான். பிறகு ஒருநாள் கேட்டான், "அவளுக்குக் கல்யாணம் ஆயிருச்சாமா?"

"ஆகாம இருக்குமா? பதுளைக் கச்சேரியில அரசாங்க வேல பாக்குறவரு. கண்ணாடி போட்டிருப்பாரு."

சும்மா வாய்க்கு வந்ததைத்தான் சொன்னாள். ஆனால் தம்பையாவுக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. குழம்பில் உப்பில்லை என்றான், சட்டை காயவில்லை என்றான். இல்லாத ஒருவனோடு எப்படிச் சண்டை பிடிப்பது என்று தெரியாமல் இருக்கிறவளோடு பிடித்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் வாசலில் உட்கார்ந்து கவ்வாத்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். பாக்கியலெட்சுமி பாத்திரம் கழுவியபடி, "அவ இன்னைக்கு வீட்டுக்காரரோட சினிமாவுக்குப் போயிருப்பா" என்றாள்.

"எந்த ஒலகமா இருந்தாலும் பெரட்டுல ஒன் கடுதாசிய வாங்குறது நான்தான்" என்றான் தம்பையா, தலையை நிமிர்த்தாமல். "எந்த ஒலகத்துலயும் ஒன்னைய அந்தக் கண்ணாடிக்காரனுக்கு விட மாட்டேன். நாள் தாண்டுற வரைக்கும் வச்சிருந்துதான் குடுப்பேன்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்கு உறைத்தது. தீட்டிய கை நின்றது.

"ஆபீசுல கெடந்துச்சின்னு சொன்னீங்க" என்றாள் அவள்.

"ஆறு நாள் எங்கிட்டதான் இருந்திச்சு. டீச்சராகிட்டா நீ என்னையத் திரும்பிப் பாப்பியா?"

ஒரு பாவமும் அறியாத கிளாக்கரைப் பதின்மூன்று வருடம் திட்டியது நினைவுக்கு வந்தது. கையிலிருந்த பாத்திரத்தை முழுதாகக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

"ரெண்டும் நடக்கும்னு கேசினி சொன்னா. அப்படின்னா கடுதாசிய வாங்குன கையோட ஓடி வந்து குடுத்த ஒரு தம்பையாவும் அங்க இருக்காரு."

கட்டிய நாளிலிருந்து அவள் புருஷன் பெயரைச் சொன்னதில்லை. கேசினியப்பா என்றுதான் கூப்பிடுவாள். முதல்முறையாக அன்று சொன்னாள், அதுவும் வேறொருவனுக்காக.

"கண்ணாடிக்காரரெல்லாம் நான் சும்மா சொன்னது" என்றாள். "டீச்சரான பொறகும் அவ அந்தத் தம்பையாவத்தான் கட்டியிருப்பா. அதுதான் எனக்குப் பொறுக்கல."