சந்தூக்கு போல ஒரு ராக்கெட்

ஷார்ஜாவுக்கு வந்த புதிதில் என்னைத் திகைக்க வைத்தது கட்டடங்களோ வெயிலோ இல்லை. மையித்துகளை அடக்கும் மையவாடிக்குப் பக்கத்துப் பள்ளிவாசலில் தொழுகை முடிந்ததும் ஜனாஸா தொழுகைக்கு அறிவிப்பு வரும். உடனே பாகிஸ்தானி, சூடானி, வங்காளி என்று யார் யாரோ எழுந்து ஓடி, இறந்தவர் யாரென்றே கேட்காமல் தோள் கொடுப்பார்கள். எங்கள் தென்காசியில் மையித்து வீட்டில் இறந்தவருக்குக் கடைசியாக என்ன குழம்பு வைத்தார்கள் என்பது வரை தெருவுக்கே தெரிந்திருக்கும். போன வருடம் அங்கேயே நெஞ்சடைப்பில் போன என் காஜா அண்ணனையும் அந்த முகம் தெரியாதவர்கள்தான் சுமந்தார்கள். எங்கள் குடும்பத்திலிருந்து அவர் கபர் குழிக்கு மண் அள்ளிப் போட்டவன் நான் ஒருவன்தான்.

ஊரில் இருந்த அண்ணன் மனைவி ஜொஹரா மைனி அவர் இறந்ததையே நம்பவில்லை. கணவனை இழந்தவர்கள் வீட்டோடு துக்கம் காக்கும் இத்தா இருக்க மறுத்துவிட்டார். தெருவில் கேட்பவர்களிடம், "பக்ரீதுக்கு வருதாவ" என்று சாதாரணமாகச் சொல்லுவார். போனில் என்னிடம் ஒருமுறை, "நீங்க முகத்தப் பாத்தீயளா?" என்று கேட்டார். பார்த்தேன் என்றேன். "வேற யாரையாச்சும் பாத்திருப்பீய" என்று வைத்துவிட்டார். மைனிக்குப் புத்தி பேதலித்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அதைவிட, கூடப் பிறந்தவன் மரணத்தில் நான் பொய் சொல்கிறேன் என்று அவர் நினைப்பது வலித்தது.

அண்ணனுக்கு ஒரு விசித்திரமான பழக்கம் இருந்தது. விடுமுறை நாளில் அறைத்தோழர் பிலிப்பைன்ஸ்காரரோடு பாலைவனத்துக்குப் போய் மாடல் ராக்கெட் விடுவார். அவர் போனபின் சாமான்களை ஊருக்கு அனுப்ப நான் பெட்டி கட்டும்போது பாதி ஒட்டிய ராக்கெட் கிட் ஒன்று இருந்தது. கூர்மையான தலை கிடையாது. நீளமான பெட்டிச் சட்டம், பக்கமெல்லாம் மெல்லிய மரக்குச்சிகள், மேலே வளைவுகள், நடுவில் ஒரு குழாய். கார்கோ அலுவலகத்து எகிப்தியர் என்னவென்று கேட்க, நான் வாய் தவறி "ராக்கெட்" என்றுவிட்டேன். மனிதர் பெட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டார். விளையாட்டுச் சாமான் என்று அட்டைப்படத்தைக் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "நோ ராக்கெட். திஸ் பெட்" என்று, அது கட்டில்தான் எனத் தீர்ப்புச் சொல்லி அனுப்பிவைத்தார்.

சாரல் காலத்தில் தென்காசிக்கு விடுமுறையில் வந்தபோது வீட்டு மாடி அறையில் அதைக் கட்டி முடிக்க உட்கார்ந்தேன். ஈரக் காற்றில் பசை காயவே இல்லை. அண்ணன் ஒட்டிய இடங்களில் அவர் விரல்ரேகை இறுகிக் கிடந்தது. ஒருநாள் காலையில் போய்ப் பார்த்தால், நான் வெளியே வைத்திருந்த குச்சி ஒன்று அதன் இடத்தில் ஒட்டியிருந்தது. மைனியிடம் கேட்டேன். "நான் மேல வரவே இல்ல தம்பி" என்றார். நானே ஒட்டிவிட்டு மறந்திருப்பேன் என்று சொல்லிக்கொண்டேன். அன்று முழுக்க அந்த அறைக்குள் தனியாகப் போகவில்லை.

மறுநாள் தேநீர் கொண்டுவந்த மைனி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"தம்பி, இது சந்தூக்குல்லா."

அதற்குப் பிறகு எனக்கும் அது வேறு எதுவாகவும் தெரியவில்லை. மையித்தைத் தூக்கிப்போகும் அதே பெட்டி, கை நீளத்துக்குச் சிறுத்துக் கிடந்தது. உடைத்துப் போட்டுவிடலாம் என்று கையைக் கொண்டுபோனேன்.

"இது பறக்குமா?" என்றார் மைனி.

"பறக்கும் மைனி."

"மையவாடிக்குப் பொம்பளைய போவக் கூடாது. இத அனுப்பி வைக்க நான் வரலாம்லா?"

எந்தப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடமும் இதற்குத் தடை இருக்காது என்று தோன்றியது.

ராக்கெட்டைத் தள்ளும் மருந்து மோட்டாரை விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். கீழப்பாவூர் பக்கம் கோயில் கொடைத் திருவிழாக்களுக்கு வாணம் விடும் அண்ணாச்சி ஒருவரைப் பிடித்தேன். "என்ன பாய், மொட்டையா இருக்கு? வாணம்னா மூக்கு வேணும்லா" என்று சலித்துக்கொண்டாலும் மருந்துக்குழாய் பொருத்தித் தந்தார். தானே பற்ற வைப்பதாகச் சொல்லிச் சுந்தரபாண்டியபுரத்துக்கு வெளியே ஒரு தரிசுக்கு வந்தார். குற்றாலத்து மலையில் மேகம் பாதிவரை இறங்கியிருந்தது. தூரத்தில் சூரியகாந்திகள் எல்லாம் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றன. பாலைவனத்தில் அண்ணனும் கூட்டாளிகளும் பத்திலிருந்து ஒன்றுவரை கூவி எண்ணுவார்களாம். இங்கே யாரும் எண்ணவில்லை. மைனி மெல்லிய குரலில், சந்தூக்கைத் தூக்கும்போது சொல்லும் கலிமாவைச் சொல்லத் தொடங்கினார்.

அது நேராக எழும்பியது. பிறகு குச்சிகளுக்கிடையே காற்று புகுந்து, மனிதர் முனகுவது போல நீளமாக ஒரு சத்தம். மேற்கிலிருந்து வீசும் கணவாய்க் காற்றில் எந்த ராக்கெட்டும் காற்று வரும் திசைக்கே சாயும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும், அது மக்கா இருக்கும் கிபிலா பக்கம் தலையைத் திருப்பியபோது நானும் கலிமாவை முணுமுணுத்தேன். மேகத்துக்குள் போய்விட்டது. முனகல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது.

உள்ளே மடித்து வைத்த பாராசூட் விரிந்தால் காற்று அதை எங்கள் பக்கம்தான் கொண்டுவர வேண்டும். வரவில்லை. வயலெல்லாம் தேடினோம். "இத்தன வருசத்துல நான் விட்ட வாணம் எதுவும் கீழ வராம இருந்ததில்ல பாய்" என்று அண்ணாச்சி வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். மைனி தேடவில்லை. நின்ற இடத்திலேயே முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, சத்தம் வராமல் அழுதார்.

திரும்பும் வழியில் காரில், "பள்ளிவாசல்ல சொல்லி அவியளுக்கு யாசீன் ஓதணும் தம்பி" என்றார். இறந்தவர்களுக்காக ஓதுவது அது. கொஞ்ச தூரம் போனதும், "ஒங்களுக்கு ஒண்ணுன்னா இங்கன கொண்டாந்துரச் சொல்லுங்க. இன்னொருக்க என்னால இப்பிடி அனுப்ப முடியாது" என்றார்.

"சரி மைனி" என்றேன். ஷார்ஜாவில் பிறந்த என் மகன் போன முறை குற்றாலத்தில் குளித்துத் தலை துவட்டும்போது, "எப்ப வாப்பா வீட்டுக்குப் போறோம்?" என்று கேட்டான். அவன் கேட்டது ஷார்ஜா வீட்டை. என் கபர் இங்கே இருந்தால் அவன் வரமாட்டான். அங்கே இருந்தால் மைனி நம்பமாட்டார்.