கழுதை தின்ற படம்

எங்கள் உம்மாவுக்குப் பிடித்த படங்கள் மூன்று. கைப்பேசியைத் தட்டினால் ஆயிரம் படம் வரிசையில் வந்து நிற்கிற இந்தக் காலத்திலும், காக்காவின், அதாவது என் அண்ணனின், பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்துக்கொண்டு அவர் தேடச் சொல்வது அந்த மூன்றில் ஒன்றைத்தான். அவற்றுக்கு உண்மையான பெயர்கள் இருந்தன. எங்கள் வீட்டில் யாரும் அந்தப் பெயர்களைச் சொன்னதில்லை. அழுகைப் படம், மழைப் படம், கண்ணாடிப் படம். எங்களுக்கு அது போதும்.

கண்ணாடிப் படத்தில் கண் மங்கிய ஒரு தபால்காரர் வருவார். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே அவருடைய மூக்குக் கண்ணாடி கிணற்றுக்குள் விழுந்துவிடும். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் அதை ஒருவருக்கும் சொல்லாமல், மனிதர் குத்துமதிப்பாகக் கடிதங்களைக் கொடுத்துக்கொண்டு போவார். பெண் பார்க்க வருகிறோம் என்ற கடிதம் மாட்டுக்காரர் வீட்டுக்கும், மாடு பார்க்க வருகிறோம் என்ற கடிதம் பெண் வீட்டுக்கும் போய்ச் சேரும். மாடு வாங்க வந்தவர்கள் பெண் வீட்டுக் கதிரையில் அமர்ந்து, "பல்லைப் பார்க்கலாமா?" என்று கேட்கிற இடத்தில் உம்மாவுக்கு மூச்சு முட்டும்.

வெள்ளிக்கிழமை வாப்பாவும் காக்காவும் ஜும்மா முடிந்து பள்ளிவாசலிலிருந்து வந்து, சாப்பாடும் ஆனபிறகு, உம்மா பாயை விரித்து ரிமோட்டைக் கையில் எடுப்பார். அதற்குப் பிறகு யாருக்கும் எழுந்து போகிற உரிமை கிடையாது. நடிகர்கள் பேசுவதற்கு அரை நொடி முன்னால் உம்மா பேசிவிடுவார். சிரிப்பு வருவதற்கு முன்னாலேயே, "இப்ப பாருங்கோ, இப்ப பாருங்கோ" என்று எங்கள் தொடைகளைத் தட்டுவார். இரண்டாவது பாட்டில் வாப்பா நித்திரையாகிவிடுவார். காக்கா தன்னுடைய கிரிக்கெட் சீடியைப் போட விடவில்லை என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பான். நான் மட்டும் உம்மாவோடு சேர்ந்து முதல் தடவை பார்ப்பதுபோலச் சிரிப்பேன். முப்பது தடவை பார்த்திருப்பேன். எந்த இடத்தில் எந்தப் பாத்திரம் உருளும் என்பதுகூட எனக்குத் தெரியும்.

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது, எங்கள் ஊரில் ஒரு கல்யாணத்துக்குப் பெரியும்மா வரப்போகிறார் என்று செய்தி வந்தது. பெரியும்மா என்றால் உம்மாவின் ராத்தா, கூடப்பிறந்த அக்கா. உம்மாவுக்கும் அவருக்கும் மூன்று வருடமாகப் பேச்சில்லை.

அது ஏன் என்று எனக்கு ஓரளவுக்குத் தெரியும். உம்மா சிறுமியாக இருக்கும்போதே யுத்தத்தில் எங்கள் ஊரான எருக்கலம்பிட்டியை விட்டு எல்லோரும் வெளியேற வேண்டி வந்தது. புத்தளத்தில் கிடுகுக் கொட்டிலில் உம்மாவுக்குத் தலைபின்னி, சோறூட்டி வளர்த்தவர் பெரியும்மாதான். நானும் அங்கேதான் பிறந்தேன். நாட்டில் சண்டை முடிந்து ஊருக்குத் திரும்பலாம் என்றானபோது, வாப்பாவும் உம்மாவும் போவோம் என்றார்கள். பெரியும்மா, "அங்க என்ன கிடக்கு? இடிஞ்ச சுவரும் உடைமரக் காடும்தான். என்ன விட்டிட்டு அதுக்கா போறாய்?" என்று கேட்டார். உம்மா ஏதோ பதில் சொன்னார். என்ன சொன்னார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எங்கள் சாமான்கள் லொறியில் ஏறியபோது பெரியும்மா வீட்டுக் கதவு பூட்டியே இருந்தது.

இப்போது அவர் வருகிறார். உம்மா ஆள்விட்டு, வெள்ளிக்கிழமை பகல் சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வரச்சொன்னார். கல்யாணத்துக்கு வந்தவர்களின் வேன் அசர் தொழுகைக்குப் பிறகு புத்தளத்துக்குத் திரும்பும், அதுவரைக்கும்தான் இருக்கலாம் என்று பதில் வந்தது. உம்மா அந்த மூன்று மணி நேரத்தை அங்குலம் அங்குலமாகப் பிரித்துத் திட்டம் போட்டார். கணவாய் ஆணம், வட்டிலப்பம், பிறகு கண்ணாடிப் படம். "ராத்தாவும் நானும் அந்த நாளையில பார்த்த படம்" என்று வாப்பாவிடம் நாலைந்து தடவை சொன்னார்.

புதன்கிழமை நான் ஒரு காரியம் செய்தேன். வகுப்பில் என் கூட்டாளி ஒருத்தி, அப்படி ஒரு படமே கிடையாது, மாடு வாங்க வந்தவன் பெண்ணின் பல்லைப் பார்க்கக் கேட்பானா, நீ புளுகுகிறாய் என்று சொல்லிவிட்டாள். பொய்க்காரி என்ற பெயரை என்னால் தாங்க முடியாது. அவள் வீட்டில் போட்டுக் காட்டுவதென்று, உம்மாவுக்குச் சொல்லாமல் சீடியைப் புத்தகப் பைக்குள் வைத்துக் கொண்டுபோனேன். பள்ளிக்கூடம் விட்டு அவள் வீட்டுக்குப் போனால் அங்கே கரண்ட் இல்லை. கரண்ட் வரும்வரை வாசலில் கெந்தி விளையாடுவோம் என்றாள். சீடியை வேலியோரத்துக் கல்லின்மேல் வைத்துவிட்டு விளையாடினேன்.

எங்கள் ஊர் இருக்கிற தீவில் கழுதைகளுக்குக் கேள்வி கேட்பார் கிடையாது. ரோட்டில் படுக்கும், கடை வாசலில் நிற்கும், காகிதமும் மட்டையும் கண்டால் விடாது. நான் திரும்பிப் பார்த்தபோது ஒரு கழுதை கண்ணாடிப் படத்தின் கவரைச் சாவகாசமாக மென்றுகொண்டிருந்தது. தபால்காரரின் முகம் பாதி வெளியே தெரிந்தது. நான் ஓடிப்போய் இழுத்தேன். நான் ஒரு பக்கம், கழுதை ஒரு பக்கம். கவர் கிழிந்து சீடி கீழே விழுந்தது. கழுதை ஒரு காலை மாற்றி வைத்தது, அவ்வளவுதான். இரண்டு துண்டு.

துண்டுகளை அங்கேயே மணலில் புதைத்தேன். கூட்டாளி யாருக்கும் சொல்வதில்லை என்று சத்தியம் செய்து தந்தாள். வீட்டுக்கு வந்து, காக்காவின் கிரிக்கெட் சீடியை ஒரு வெறும் கவருக்குள் போட்டு, கண்ணாடிப் படம் இருந்த இடத்தில் வைத்தேன். வெள்ளிக்கிழமை எப்படியும் கரண்ட் போகும் என்று நம்பினேன். அதற்காக இரண்டு நாளும் தொழுகையில் துஆவும் கேட்டேன்.

வெள்ளிக்கிழமை கரண்ட் போகவில்லை. பெரியும்மா வந்தார். கறுத்த அபாயா, மடியில் கைப்பை. கதிரையின் நுனியில் இருந்தார். அந்தக் கைப்பையைச் சாப்பிடும் நேரம் தவிர மடியிலிருந்து இறக்கவே இல்லை. உம்மா கேட்டதற்கெல்லாம் ஒற்றைச் சொல்லில் பதில். பயணம் சுகமா? ஓம். கல்யாணச் சாப்பாடு நல்லமா? நல்லம். கணவாய் இன்னும் கொஞ்சம்? போதும். வட்டிலப்பத்தில் ஒரு கரண்டி மட்டும் எடுத்துக்கொண்டார். உம்மாவின் முகத்தில் வைத்த சிரிப்பு இறங்கவே பயந்துபோய் அங்கேயே நின்றது.

சாப்பாடு முடிந்தது. "ராத்தா, கண்ணாடிப் படம் பார்ப்பமா?" என்று உம்மா கேட்டார். பெரியும்மா சுவரில் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"போடு" என்றார்.

உம்மா சீடியைப் போட்டார். பச்சைப் புல்தரையில் வெள்ளை உடுப்புக்காரர்கள் ஓடி வந்தார்கள். காக்கா மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தான். உம்மா சீடியை வெளியே எடுத்துப் புரட்டிப் பார்த்தார். அலுமாரித் தட்டைத் துழாவினார். பிறகு மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். அந்த வீட்டில் காணாமல்போன எதற்கும் முதலில் பார்க்கப்படுபவள் நான்.

நான் ஓவென்று அழுதேன்.

"நான் திங்கக் குடுக்கல்ல உம்மா! கழுதைதான் திண்டுட்டு!"

நான் விக்கி விக்கிப் புதன்கிழமைக் கதை முழுவதையும் சொன்னேன். தபால்காரரின் முகம் கழுதை வாய்க்குள் போன இடத்தைச் சொல்லும்போது ஒரு சத்தம் கேட்டது. பெரியும்மா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். அவர் சிரிக்கிறார் என்று விளங்க எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

உம்மா சிரிக்கவில்லை. அழுகிற நிலையில் இருந்தார். வாப்பா அவசரமாக எழுந்து மோட்டார் சைக்கிள் திறப்பை எடுத்தார். "அழாத. டவுண்ல ஒரு கடையில எல்லாப் பழைய படமும் இருக்கு. முக்கால் மணித்தியாலத்தில கொண்டுவாறன்" என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

வீட்டில் நாங்கள் நான்கு பேர், ஓடாத டிவி, சுவரில் மணிக்கூடு.

பெரியும்மாதான் முதலில் பேசினார். யாரிடம் சொல்கிறார் என்று தெரியாதபடி டிவியைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அந்தக் கண்ணாடி சாம்பார் அண்டாவுக்குள்ள விழுற இடம்தான் நல்ல சிரிப்பு."

"அண்டா இல்ல ராத்தா, கிணறு" என்றார் உம்மா.

"கிணறா? கல்யாண வீட்டுச் சாம்பார் அண்டா. அவர் அகப்பையால துழாவுவார்."

"அது பிறகு. அது சாவியத் தேடுறது."

"உனக்கு என்ன தெரியும்? நீ என்ட மடியில இருந்து பார்த்தனீ. சிரிச்சுச் சிரிச்சு என்ட சீலையிலயே மூத்திரம் பெஞ்சனீ. டிவி வச்சிருந்த வீட்டுக்காரி இனி வரவேண்டாம் எண்டு சொல்லிப் போட்டா."

காக்கா வெடித்துச் சிரித்தான். உம்மா வெட்கத்தில் சிவந்துபோனார். பிறகு அவரும் சிரித்தார். நான் அழுகையை எந்த இடத்தில் நிறுத்துவது என்று தெரியாமல் இருந்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. தபால்காரர் எப்படித் துழாவுவார் என்று காட்டுவதற்காகப் பெரியும்மா எழுந்தார். எழுந்தபோது கைப்பை கதிரையிலேயே கிடந்தது. மேசையில் வாப்பா பேப்பர் வாசிக்கிற கண்ணாடி இருந்தது. அதை எடுத்து மூக்கில் மாட்டி, கழற்றி, இல்லாத அண்டாவுக்குள் போட்டார். கண்ணைச் சுருக்கிக்கொண்டு அறை முழுவதும் தடவித் தடவி நடந்தார். காக்காவின் தலையைத் தபால் பெட்டி என்று நினைத்து அதற்குள் கடிதம் போடப் பார்த்தார். உம்மா பெண்ணின் தாயானார். காக்கா கிரிக்கெட்டை மறந்து மாடு வாங்க வந்தவனானான். "பல்லைப் பார்க்கலாமா?" என்று அவன் கேட்டபோது, மணப்பெண்ணாக முக்காடு போட்டு உட்கார்ந்திருந்த நான் வாயைத் திறந்து காட்டினேன். முன்பல் ஒன்று விழுந்து பாதிதான் முளைத்திருந்தது. பெரியும்மா பாயில் விழுந்து உருண்டார்.

சிரிப்புச் சத்தம் கேட்டு அடுத்த வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் வந்து நிலைப்படியில் நின்றார்கள். அவர்களுக்காகப் படம் திரும்பவும் முதலிலிருந்து தொடங்கியது. இந்தத் தடவை கண்ணாடி விழுகிற இடம் வந்ததும் பெரியும்மா உம்மாவைப் பார்த்தார்.

"ஓம் ராத்தா, அண்டாவுக்குள்ளதான்" என்றார் உம்மா.

எனக்குத் திக்கென்றது. கிணறு என்று உம்மாவுக்குத் தெரியும். முப்பது தடவை பார்த்தவருக்கு எப்படித் தெரியாமல் போகும்?

அப்போது தெருமுனையில் வேன் ஹோன் அடித்தது. உம்மா பாய் நுனியை மடித்து நீவத் தொடங்கினார். பெரியும்மா வாப்பாவின் கண்ணாடியைக் கழற்றாமலே என்னைக் கூப்பிட்டார்.

"புள்ள, ஓடிப்போய் டிரைவரிட்டச் சொல்லு. பெரியும்மா இண்டைக்கு வரல்ல, பிறகு பஸ்ஸில வாறாவாம் எண்டு."

நான் ஓடிப்போய்ச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தேன். எங்கள் வாசல் படலையடியில் வாப்பா மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார். சட்டைக்குள்ளிருந்து சீடியை எடுத்தார். புதுக் கவர், அதில் அதே தபால்காரர். என் நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. உம்மா வெளியே வந்து அதைக் கையில் வாங்கினார். பார்த்தார். முந்தானைக்குள் செருகினார்.

"கடை பூட்டு எண்டு சொல்லுங்கோ" என்றார்.

"பூட்டா? அப்ப இது என்ன?"

"பூட்டு எண்டு சொல்லுங்கோ."

வாப்பா உள்ளே போய், கடை பூட்டு என்று சொன்னார். வாப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்புவிப்பதுபோலச் சொன்னார். உம்மா அறைக்குள் போய்ச் சீடியை அலுமாரியில் சீலைகளுக்கு அடியில் வைத்ததை நான் கதவிடுக்கால் பார்த்தேன்.

அன்று மாலை முழுவதும் எனக்கு மனம் கொதித்தது. பொய் சொன்னால் நாக்குக் கறுக்கும் என்று எனக்குச் சொல்லித்தந்த உம்மா ஒரே நாளில் இரண்டு பொய் சொல்லிவிட்டார், ஒன்றுக்கு வாப்பாவையும் கூட்டுச் சேர்த்துக்கொண்டார். எனக்குத் தண்டனையாகத்தான் படத்தை ஒளித்துவைக்கிறார் என்று முடிவுகட்டினேன். ஆனால் பாவம், பெரியும்மா என்ன செய்தார்? அவ்வளவு ஆசையாக இருக்கிறவருக்குப் படத்தைக் காட்டாமல் அனுப்புவது எந்த ஊர் நியாயம்?

சனிக்கிழமை காலை உம்மாவும் பெரியும்மாவும் கிணற்றடியில் குந்தியிருந்து மீன் கழுவிக்கொண்டிருந்தார்கள். மெல்லிய குரலில் ஏதோ பேச்சு ஓடியது. லொறி ஏறிய நாளைப் பற்றி என்று நினைக்கிறேன். என்னைக் கண்டதும் நிறுத்திக்கொண்டார்கள். பெரியும்மாவின் கண்கள் சிவந்திருந்தன. மீன் வெட்டுகிறவர்களுக்கு ஏன் கண் சிவக்கிறது என்று யோசிக்கிற நிலையில் நான் இல்லை. நியாயத்தை நிலைநாட்ட வந்திருந்தேன். முதுகுக்குப் பின்னால் ஒளித்துவைத்திருந்த சீடியை எடுத்து உயர்த்திக் காட்டினேன்.

"பெரியும்மா, இந்தா படம்! வாப்பா நேத்தே கொண்டுவந்தவர். உம்மா அலுமாரியில ஒளிச்சு வச்சவ. போட்டுப் பார்ப்பம் வாங்கோ, கிணறா அண்டாவா எண்டு."

உம்மா தலை நிமிரவில்லை. ஏற்கனவே செதில் எடுத்து முடித்த பக்கத்தையே திரும்பவும் சுரண்டினார். பெரியும்மா சீடியைப் பார்த்தார். பிறகு உம்மாவின் குனிந்த தலையை நெடுநேரம் பார்த்தார். ஈரக் கையின் புறங்கையால் உம்மாவின் நெற்றியில் விழுந்திருந்த முடியை ஒதுக்கிக் காதுக்குப் பின்னால் செருகினார்.

"எடுத்த இடத்தில வை புள்ள" என்றார். "நேத்துத்தானே பார்த்தனாங்கள்."

உம்மா சிரித்துவிட்டார்.

பெரியவர்களுக்கு இவ்வளவு ஞாபகமறதியா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நேற்று நாங்கள் படமே பார்க்கவில்லை, போட்டது காக்காவின் கிரிக்கெட் சீடி, அதுவும் ஒரு ஓவர்கூட முடியவில்லை என்று அவர்கள் இருவருக்கும் நான் நின்று நிதானமாக எடுத்துச் சொன்னேன்.