பானெட்டில் விழுந்த வட்டங்கள்

கறுப்பு வண்டியைக் கழுவுவது பெரிய வேலை இல்லை. துடைப்பதுதான் வேலை. வெள்ளை வண்டி எதையும் மறைத்துக்கொள்ளும். கறுப்பு, துடைத்தவனைக் காட்டிக்கொடுத்துவிடும். விழுப்புரத்தில் ஜங்ஷனுக்குப் போகும் வழியில் ஒரு வாட்டர் சர்வீஸ் கொட்டகை இருந்தது. இதை அங்கேதான் கற்றுக்கொண்டேன். அதற்கு முன்பு எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டுவிட்டு, ஹூப்ளியில் லாரி கிளீனர், பம்பாயில் ஓட்டலில் மாவாட்டுகிறவன், சேலத்தில் செங்கல் சூளை என்று பத்து வருஷம் போயிருந்தது. எங்கேயும் ஒரு வருஷம் முழுசாக நின்றதில்லை.

எண்பத்தைந்தோ எண்பத்தாறோ, திண்டிவனத்தில் மல்லாட்டை மண்டி, அதாவது வேர்க்கடலை மண்டி, வைத்திருந்த ஒருவர் தன் கறுப்பு அம்பாசிடரை அந்தக் கொட்டகைக்குக் கொண்டுவந்தார். நான் துடைப்பதை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றார்.

“லைசென்ஸ் கீதா?”

“கீதுங்க. ஹூப்ளில எடுத்தது.”

“எங்கூட வந்துடு. நம்ம டிரைவருக்குக் கண்ணுல பூ விழுந்துடுச்சி. தை வரைக்கும் வண்டியக் கழுவி வச்சிக்கினு இரு. அப்புறம் சீட்டு உனக்குத்தான்.”

போய்விட்டேன். வண்டி ஷெட்டுக்குப் பக்கத்தில் ஒரு அறை, இரண்டு வேளைச் சோறு. ஆனால் நான் போனது அந்த டிரைவர் சீட்டுக்காக. உட்கார்ந்து செய்கிற வேலை ஒன்று எனக்குக் கிடைக்கும் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை.

முதலாளியிடம் நான் கேட்டு வாங்கியது பழைய பனியன் துணி மட்டும்தான். தையலையெல்லாம் வெட்டி எடுத்துவிடுவேன். தையல் நூல் பெயிண்டைக் கீறும். கழுவும்போது கடைசியாக ஹோஸின் வாயைத் திறந்துவிட்டு, தண்ணீர் பாயாக விரிந்து இறங்குகிற மாதிரி கூரையிலிருந்து விட வேண்டும். பாதித் தண்ணீரை அதுவே இழுத்துக்கொண்டு போய்விடும். மீதிக்கு, நனைத்துப் பிழிந்த துணியை விரித்துப் போட்டு, இரண்டு முனையையும் பிடித்துத் தன் பக்கம் இழுக்க வேண்டும். அழுத்தக் கூடாது, சுற்றிச் சுற்றித் தேய்க்கவே கூடாது. பிறகு கதவு, பானெட், டிக்கி எல்லாவற்றையும் திறந்து ஓரங்களை ஒற்ற வேண்டும். அங்கே நிற்கிற தண்ணீர்தான் பிற்பாடு வழிந்து கோடு போடும். தரையில் விழுந்த துணியை அன்றைக்கு மறுபடி தொடக் கூடாது.

முதலாளிக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு அமாவாசைக்கும் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போவார். திரும்பி வந்ததும் கோயில் சாம்பலை ஒரு கை அள்ளி பானெட்டில் போட்டு, காய்ந்த துண்டால் வட்டம் வட்டமாகத் தேய்ப்பார். வண்டிக்குக் காப்பு. அதோடு, வீட்டில் வெள்ளி விளக்கைத் திருநீறு போட்டுத் தேய்த்தால் பளிச்சென்று வருகிறதே, வண்டிக்கும் அது நல்லதுதானே என்று நினைத்தார். ஷெட் இருட்டில் நிஜமாகவே பளிச்சென்றுதான் தெரியும். வெயிலுக்கு வந்தால்தான் தெரியும், சூரியன் விழுகிற இடத்தைச் சுற்றி மயிரிழை மயிரிழையாக நூறு வட்டம். சிலந்தி கூடு கட்டின மாதிரி இருக்கும். நான் பார்த்தேன். சீட்டு வரட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

கார்த்திகையில் அவர் மகளுக்குப் பேசி முடித்திருந்த இடத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். வண்டி உச்சி வெயிலில் நின்றது. மாப்பிள்ளையின் தாய்மாமன் வெற்றிலையை மென்றுகொண்டே பானெட்டைச் சுற்றி வந்தார்.

“இன்னா சம்மந்தி, வண்டிக்குச் சொறி புடிச்சிருக்குதே! கல்யாணத்துக்குள்ள மருந்து போட்டுடுவீங்களா?”

எல்லோரும் சிரித்தார்கள். முதலாளியும் சிரித்தார். அவர்கள் போன பிறகு என்னிடம் வந்தார்.

“மண்ணுத் துணியில தொடைச்சிக் கெடுத்துட்டியேடா. என் மானமே போச்சி.”

“சரி பண்ணிடறேங்க” என்றேன். விழுப்புரம் போய் ஒரு டப்பா காம்பவுண்ட் வாங்கி வந்தேன். அது மிக நைசான பொடி கலந்த பசை. கீறலை அது அழிக்காது. சுற்றியிருக்கிற பெயிண்டைக் கீறலின் ஆழம் வரைக்கும் தேய்த்துக் கீழே இறக்கும், அவ்வளவுதான். உள்ளங்கை அகலம் எடுத்துக்கொண்டு, நேர்க்கோட்டில் போய் வந்து தேய்த்து, கழுவி, துடைத்து, வெயிலில் பார்த்து, அடுத்த உள்ளங்கை அகலம். நான்கு நாள் ஆனது. தோள்பட்டை வீங்கிச் சோற்றை இடது கையால் தின்றேன். ஐந்தாம் நாள் பானெட்டில் புளியமரத்தின் இலைகள் தனித்தனியாகத் தெரிந்தன.

“அடேங்கப்பா! ஷோரூம்லேர்ந்து வந்த மாதிரி கீது. தை பொறக்கட்டும், சாவி உன் கையில” என்றார் முதலாளி.

அவருக்குத் தெரியாதது ஒன்று இருந்தது. பானெட்டின் ஓரத்தில் பெயிண்ட் காகிதம் மாதிரி ஆகிவிட்டது. இன்னொரு தடவை தேய்த்தால் அடியிலிருக்கிற சிவப்புப் பிரைமர் வெளியே வந்துவிடும்.

அடுத்த அமாவாசை வந்தது. மேல்மலையனூரிலிருந்து இறங்கியதும் முதலாளி பொட்டலத்தைப் பிரித்தார். நான் குறுக்கே போய் நின்றேன். எட்டு மாதத்தில் முதல் தடவை.

“மொதலாளி, பானெட்டுல வேணாங்க. கண்ணாடியில பொட்டா வச்சிடுங்க.”

“ஏன்?”

“இதாலதாங்க வட்டம் வுழுது. கதவையும் நான் அதே துணியிலதான் தொடைக்கிறேன். கதவுல ஒரு கோடு கீதா, பாருங்க. சாம்பல் படற எடத்துல மட்டும்தான் கீது.”

அவர் கதவைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்.

“அம்மன் சாம்பல் என் வண்டியக் கெடுத்துடுச்சின்றியா? வேதக்காரப் புத்தி போவுதா பாரு.”

நான் மாதா கோயிலுக்குள் போயே ஆறேழு வருஷம் ஆகியிருந்தது. அதை அவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது. வாசலிலேயே கற்பூரத்தை ஏற்றச் சொன்னார். கண்ணில் பூ விழுந்த டிரைவர் அண்ணன் ஒரு தட்டில் ஏற்றிக் கொண்டுவந்தார்.

“உன் துணியில ஒரு நாள் கூட மண்ணு இல்லன்னு சத்தியம் பண்ணிக் கையால இத அணை. நான் நம்பறேன். இனிமே பானெட்டுல சாம்பலும் போட மாட்டேன். கற்பூரம் வேணாமா, உங்க மாதா படத்து மேல கை வையி. எதுவா இருந்தாலும் சரி.”

நியாயமாகத்தான் கேட்டார். ஒரு நொடி வேலை. ஆனால் எனக்கு ஆடி மாதத்து ஒரு காலை ஞாபகம் வந்தது. காற்று துணியைப் பிடுங்கித் தரையில் போட்டது. முதலாளி பின் சீட்டிலிருந்து “ஜல்தி, ஜல்தி” என்று கத்திக்கொண்டிருந்தார். நான் துணியை உதறிவிட்டு பானெட்டில் இரண்டு இழுப்பு இழுத்தேன். அந்த நூறு வட்டங்களுக்கு அது காரணமில்லை. இழுத்தால் கோடு விழும், வட்டம் விழாது. ஆனாலும் அவர் கேட்டது வட்டத்தைப் பற்றி இல்லை. ஒரு நாள் கூட மண் இல்லை என்று கேட்டார்.

டிரைவர் அண்ணன் என் காதருகே முணுமுணுத்தார். “டேய், கைய வச்சி எட்றா. சாமிக்கு வேற வேல இல்லியா? சீட்ட வுட்டுட்டுப் பேஜாராயிடாத.”

கற்பூரம் எரிந்துகொண்டே இருந்தது. நான் கையை நீட்டவில்லை. அது தானாக அணைந்தது.

“பாத்தியா” என்றார் முதலாளி. கோபம்கூட இல்லை, கணக்கு தீர்ந்த மாதிரி இருந்தது குரல். பானெட்டில் சாம்பலைப் போட்டுத் தேய்த்தார். ஓரத்தில் சிவப்பு எட்டிப் பார்க்கிறவரை நான் நின்று பார்த்தேன். அதுவும் என் தலையில்தான் விழுந்தது.

மறுநாள் காலையில் டிரைவர் சீட்டுக்குச் செஞ்சியிலிருந்து வேறொருவன் வந்தான், அவர் மனைவி வழியில் சொந்தம். முதலாளி என்னிடம், “போறதுக்கு முன்னாடி ஒரு தடவ கழுவித் தொடைச்சிட்டுப் போ. சம்மந்தி வூட்டுக்குப் போவணும்” என்றார். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். ஈரத்தோடு விட்டுவிட்டும் போயிருக்கலாம். திண்டிவனத்து உப்புத் தண்ணீர் அரை மணியில் வெள்ளைப் பொட்டுகளாகக் காய்ந்திருக்கும். நான் கூரையிலிருந்து தண்ணீர் விட்டு, துணியை விரித்து இழுத்து, கதவோரங்களை ஒற்றி, வழக்கம்போலத் துடைத்தேன். நேர்மையால் கற்பூரத்தைத் தொடாமல் இருந்தேனா, வீம்பாலா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. இந்த வேலையை ஏன் ஒழுங்காகச் செய்தேன் என்பதும் தெரியாது. வேறு மாதிரி செய்யக் கைக்கு வரவில்லை.

முதலாளி வெளியே வந்து வண்டியைப் பார்த்தார். “உன்ன மாதிரி தொடைக்க ஆள் இல்லடா” என்றார், நேற்று ஒன்றுமே நடக்காத மாதிரி. “உள்ள போய் சாப்ட்டுட்டுப் போ.”

போய்ச் சாப்பிட்டேன். பசித்தது. மூன்றாம் தடவை சோறு கேட்டபோது வாசலில் புது டிரைவர் ஹாரன் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.