டைல்ஸுக்கு முன்னால் எடுத்த அளவு

எங்கே புதுக் கட்டடம் எழும்பினாலும் சாரம் பிரிப்பதற்குள் திரைக்காரர் அங்கே ஆஜராகிவிடுவார். கழுத்தில் அளவு நாடா, காதில் பென்சில். குடிவருகிறவர்களுக்கு முதல் நாளே ஜன்னலுக்கும் பால்கனிக் கதவுக்கும் திரை வேண்டும்; எதிர்வீட்டார் கண் படுகிறதே என்ற கூச்சம் ஒரு பொழுதுகூடப் பொறுக்காது. முதல் வீட்டில் யார் திரை தொங்குகிறதோ அவருக்கே மற்ற வீடுகளும் என்பது அவர் இருபது வருடமாகக் கண்டது.

அறுபது வீட்டுக் கட்டடம் வந்தபோது போட்டிக்கு ஒருவர் முளைத்தார். வேன் நிறையத் துணிச்சுருள். இதை அவரிடம் விட்டால் எதிரே எழும்பும் இரண்டு கட்டடங்களும் போச்சு. பிறகு தலையணை உறைதான் தைக்க வேண்டும். திரைக்காரர் பூச்சு காயாத வீட்டுக்குள் புகுந்து அளந்து வந்தார். அவர் மனைவி மூன்று வாரம் மெஷினை விட்டு எழவில்லை.

குடிவந்த நாளில் முதல் வீட்டுத் திரையை மாட்டிவிட்டு ஏணியிலிருந்து இறங்கியவர் குனிந்து அதன் அடியைப் பார்த்தார். திரை தரையில் இரண்டு அங்குலம் புரண்டது. அவர் அளந்தது வெறும் சிமெண்டுத் தரையை. டைல்ஸும் அடிக்கலவையும் தரையைத் தூக்கிவிட்டன. தைத்தது அத்தனையும் இதே அளவு.

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டீங்க? குட்டையா இருந்தாத்தான் கவலை. போய் மெஷினைக் கொண்டாங்க" என்றாள் மனைவி.

மாடிப்படிக்குக் கீழே மெஷின் உட்கார்ந்தது. அவள் ஒவ்வொரு வீட்டுத் திரையாக மடித்துத் தைத்தாள். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் படுக்கையறைக்கும் அளவு கொடுத்துவிட்டுப் போனார்கள்.

மூன்றாம் நாள் போட்டிக்கு வந்த வேன்காரரே படியிறங்கி வந்தார். மேல்மாடியில் எட்டு வீடு அவர் பிடித்திருந்தார். தோளில் நீளமான ஒரு திரை. முந்திக்கொள்ளும் அவசரத்தில் அவரும் அதே வெறுந்தரையைத்தான் அளந்திருக்கிறார்.

"அக்கா, ரெண்டு இஞ்ச் மடிக்கணும். நான் வெளியிலதான் தைக்கக் குடுக்கிறேன், அவங்க ஒரு வாரம் கேக்கிறாங்க" என்றார் மெதுவாக. திரைக்காரர் சுவரிலிருந்த சுவிட்சுப் பெட்டியை அக்கறையாக ஆராயத் தொடங்கினார்.

அவள் ஊசியில் நூல் கோர்த்து முடித்த பிறகே நிமிர்ந்தாள். "எட்டு வீடும் இன்னைக்கே முடிச்சுத் தரேன் தம்பி. ஆனா எதிர்க் கட்டடம் ரெண்டுலயும் துணி உங்களுது, தையலும் மாட்டுறதும் எங்களுது. சரின்னா குடுங்க."

திரைக்காரர் சட்டென்று திரும்பினார். இருபது வருடத்தில் இப்படியொன்று அவருக்குத் தோன்றியதே இல்லை. வேன்காரர் மெஷினைப் பார்த்தார், மேல்மாடியை அண்ணாந்து பார்த்தார், பிறகு திரையை அவள் மடியில் வைத்தார்.

திரைக்காரர் அவருக்கு உட்கார ஸ்டூலை இழுத்துப் போட்டுவிட்டு, திரையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார்.